பெயர் கேட்காத அறிக்கை

10 ஜூன் 2025, செவ்வாய்

திருக்கோவிலூரிலிருந்து பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டேதான் வந்தேன். ஆபீஸில் நல்ல செய்தி. எங்களுக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளை ஒப்புக்கொண்டுவிட்டது. மலை ஊர்க்காரர்கள் ஒரு நம்பருக்குப் போன் செய்தால் பக்கத்தில் இருக்கும் ஜீப்பை நோயாளியிடம் அனுப்புவது எங்கள் சேவை. அதை இனிமேல், பெரிய கம்ப்யூட்டர் சேவைகளை நிற்காமல் ஓட்டும் எஸ்.ஆர்.இ. முறையில் நடத்தலாமாம். சென்னையில் ஆறு வருஷம் நான் செய்த வேலை அதுதான். மாதத்துக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் சேவை நிற்கக்கூடாது. நின்றால், புதிதாக எதையும் சேர்க்காமல் முதலில் பழுதைச் சரிசெய்ய வேண்டும். ஏன் நின்றது என்று எழுதும் அறிக்கையில் 'யார்' என்ற கேள்வியே வரக்கூடாது. 'எப்படி' மட்டும்தான்.

மேலாளர் சிவசங்கர் சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சுவரில் மாட்ட ஒரு பேனர் அடிக்கச் சொன்னார். பேனர் எதற்கு?

19 ஜூன், வியாழன்

மலை மேல் இருக்கும் எங்கள் வெள்ளிமலை மையத்தில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தேன். கேள்வி கேட்டவர் ராஜதுரை ஒருவர்தான். மையத்தின் போன் மேசை அவர் பொறுப்பு. மலையிலேயே பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்தா நெசமாவே ஒண்ணும் பண்ண மாட்டாங்களா மேடம்?"

பண்ண மாட்டாங்க, நான் பொறுப்பு என்றேன். எல்லோர் முன்னாலும்.

2 ஜூலை, புதன்

சேவை நின்றால் போன் மேசையில் அடிக்கட்டும் என்று நான் வைத்த அலாரம், மலையில் சிக்னல் கொஞ்சம் குறைந்தாலே அடிக்கிறது. ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல். ராஜதுரை மூன்று முறை சொல்லிவிட்டார். அது எப்போது அடிக்க வேண்டும் என்ற அளவுகளைத் திருத்த சாரிடம் இரண்டு வாரம் கேட்டேன். ஜூன் மாதம் நாற்பது நிமிஷத்தைத் தாண்டிவிட்டோம், விதிப்படி வேறு வேலையைத் தொடவே கூடாது என்றும் சொன்னேன். சார் கேட்கவில்லை. ஆண்டு விழாவுக்குள் புது ஆப் வந்தாக வேண்டுமாம். விதியைப் போட்டது நாம்தானே, நாமே கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார்.

சரி என்று வந்துவிட்டேன். ஏன் சரி என்றேன்?

14 ஜூலை, திங்கள்

மதியம் மூன்றரையிலிருந்து ஐந்தே கால் வரை ஒரு ஜீப்புக்கும் செய்தி போகவில்லை. வெள்ளிக்கிழமை சேர்த்த புது ஆப், டிரைவர்களுக்குச் செய்தி போகும் வழியையே அடைத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் செல்லன் என்பவரைக் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. அவர் மனைவி வெள்ளச்சி மூன்று முறை போன் செய்திருக்கிறார். மூன்று முறையும் எங்கள் மெஷின் 'ஜீப் வந்துகொண்டிருக்கிறது, அங்கேயே இருங்கள்' என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பி அங்கேயே இருந்திருக்கிறார்கள். வேறு வண்டி தேடவில்லை. கடைசியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த லாரியில்தான் கீழே இறக்கினார்கள்.

மெஷினில் இருக்கும் அந்தக் குரல் என்னுடையது. போன வருஷம் நான்தான் பதிவு செய்து கொடுத்தேன்.

செல்லன் ராஜதுரைக்குச் சித்தப்பா.

16 ஜூலை, புதன்

உயிருக்கு ஆபத்தில்லை. இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

18 ஜூலை, வெள்ளி

ராஜதுரை மலையிலிருந்து இறங்கி வந்து, கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். காலையிலிருந்து அறுபத்திரண்டு தடவை அலாரம் சும்மா அடித்தது. அறுபத்து மூன்றாவது தடவை சத்தத்தை அணைத்தேன். பிறகு போட மறந்துவிட்டேன். அவ்வளவுதான் எழுதியிருந்தார். யாரும் கேட்டிராத விஷயம். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதை அறிக்கையில் சேர்த்தேன். அதற்கு மேலே நான்கு காரணங்கள் எழுதினேன். அலாரத்தின் அளவு தவறு, வைத்தது நான். திருத்த நேரம் கேட்டுக் கிடைக்கவில்லை. விதியை மீறிப் புது ஆப்பைச் சேர்த்தோம். ஜீப்புக்குச் செய்தி போகாதபோதும் மெஷின் 'வருகிறது' என்றது.

பெயர் போட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், 'பணியாளர் ஒருவர்' போதும் என்றேன். அந்த மேசைக்குப் பணியாளரே ஒருவர்தான். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

28 ஜூலை, திங்கள்

சிவசங்கர் சாரும் அறக்கட்டளைக்காரர்களும் செல்லன் ஊருக்குப் போய்க் கூட்டம் போட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. ஜீப் டிரைவர் பச்சமுத்து வந்து சொன்னார். அறிக்கையைப் படித்தார்களாம். நான்கு காரணங்களையும் எடுத்துவிட்டு ஒரே வரி. மையப் பணியாளர் ஒருவர் அலாரத்தை அணைத்ததே காரணம்.

கூட்டத்தில் வெள்ளச்சி எழுந்து ராஜதுரையைப் பார்த்து, "நீயாடா?" என்று மட்டும் கேட்டாராம்.

சாயங்காலமே ராஜதுரையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

29 ஜூலை, செவ்வாய்

சார் அறைக்குப் போனேன். "பேர் எங்கம்மா போட்டோம்? உங்க முறைப்படிதான செஞ்சோம்" என்கிறார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பாவிங்க. நான் எழுதுனதையே எடுத்து அந்த மனுஷன் கழுத்துல வெச்சுட்டாங்க. நான் பொறுப்புன்னு சொன்னேனே — எங்க பொறுப்பு? இன்னா கிழிச்சேன்?

ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. நானும் போய்விட்டால் அலாரத்தை யார் திருத்துவது? அது நிஜமா, சாக்கா?

3 ஆகஸ்ட், ஞாயிறு

பஸ் பிடித்து வெள்ளிமலை போனேன். ராஜதுரை சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க பொய் சொல்லலீங்க மேடம். தெரியாம சொல்லிட்டீங்க" என்றார். மறுபடி களை எடுக்கக் குனிந்தபடி, "சித்தி வூட்டத் தாண்டித்தான் ரோட்டுக்கு வரணும். இப்ப ஓடப் பக்கமா சுத்திக்கினு போறேன்."

முழு அறிக்கை என் பையில் இருந்தது. வெள்ளச்சியிடம் நானே படித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"வாணாங்க. படிச்சா கால் வந்துருமா?"

அவர் வேண்டாம் என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

20 ஆகஸ்ட், புதன்

அலாரத்தைத் திருத்திவிட்டேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒன்பது நாள். இப்போது நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் அடிக்கிறது. அடித்தால் நிஜம்.

கூட்டத்துக்குப் பிறகு நான்கு முறை சேவை நின்றிருக்கிறது. நான்கு அறிக்கைகள் வந்தன. மழை. மின்சாரம். மழை. நான்காவதில் காரணத்துக்கான இடம் காலி. வெள்ளிமலை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் மகேஸ்வரியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

6 நவம்பர், வியாழன்

காலை பத்து மணிக்கு, சேவையை ஓட்டும் புரோகிராமில் ஒரு எண்ணைத் தவறாக மாற்றிவிட்டேன். முப்பத்தைந்து நிமிஷம் சேவை நின்றது. அந்த நேரத்தில் மலையிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. மூன்று தடவை சரிபார்த்தேன். மாற்றியது யார் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

மகேஸ்வரி போன் செய்தாள். "மேடம், காரணம்னு இன்னா எழுதட்டும்?"

நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் சாரிடமிருந்து ஒப்புதல் வந்துவிட்டது.