வண்டிக்குக் கழுத்து எது?

என் செல்ல மகன் உலுக்மானுக்கு அம்மாவின் அன்பு முத்தங்கள். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டிவலி எங்களைவிடச் சுகம். கொரியாவில் நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, பட்டறையில் கை கால் அடிபடாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால் அங்கே வரும் உன் சித்தி மகளிடம் காய்ந்த தயிரில் பிடித்த குருத் உருண்டை மூட்டையோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா எவ்வளவு பெரிய மெக்கானிக் ஆகிவிட்டாள் என்பதுதான் விஷயம், சிரிக்காமல் படி.

நீ வாங்கித் தந்த பைக்கைப் பார்க்கப் பக்கத்துக் கூடாரத்து ஜெக்ஷென் வந்தான். சுற்றிச் சுற்றி வந்து, "அடேயப்பா அண்ணி, இது பைக்கா இல்ல பந்தயக் குதிரையா" என்று புகழ்ந்துவிட்டு கண் படாமலிருக்க ஒரு முறைகூடத் துப்பாமல் போனான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை உன் செங்குதிரைக்கு வலி கண்டது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, இன்னொன்று உள்ளே மடங்கிக் கிடந்தது. அப்பா கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்மால ஆகாது ஷாயிர், கீழ போய் டாக்டரக் கூட்டிட்டு வரணும்" என்று பைக்குக்கு ஓடினார், மலையில் அன்று போனுக்குச் சிக்னலும் இல்லை. அது இருமியது, கரும்புகை விட்டது, அணைந்தது. பழைய வண்டிக்குச் செய்வதுபோல் அப்பா ஆக்சிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார், மறுபடியும் அதே இருமல்தான். மஞ்சள் விளக்கு ஒன்று விடாமல் எரிந்தது, அதை நான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து பெட்ரோலில் நனைந்திருந்தது. அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைத்து மாட்டினோம், கொஞ்சம் ஓடிப் பிறகு பெட்ரோல் மூழ்கி மறுபடி நின்றது. என்ஜின் ஆயில் குச்சியை இழுத்து மோந்து பார்த்தேன், அதிலும் பெட்ரோல் வாடை. இதற்குமேல் என்ன ஆராய்ச்சி, ஜெக்ஷெனின் கண்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கண் திருஷ்டிக்குப் புகை போடும் அர்ச்சாத் தழையைத் தட்டில் கொளுத்தி, பெட்ரோல் சொட்டும் வண்டியைச் சுற்றி வர ஆரம்பித்தேன். அப்பா போட்ட சத்தத்தில் ஆடுகள் கலைந்து ஓடின. "அடி பாவி, வண்டியோட சேர்த்து எங்களையும் கொளுத்தப் போறியா!" என்றார். நம் குதிரைகள் எல்லாம் மேல் புல்வெளிக்குப் போய்விட்டன, ஜெக்ஷெனிடம் ஒன்று கேட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான் வழியை மறித்து நின்றேன். கெடுத்தவன் குதிரையும் வேண்டாம், அவன் தயவும் வேண்டாம் என்றேன். உன் அப்பா ஓநாய்க்குப் பயப்படாதவர், எனக்குப் பயந்து நின்றுவிட்டார்.

பிறகு அவர் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தனக்குத்தானே பேசினார். பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, வர வேண்டியதற்கு மேல் வருகிறது, அப்படியானால் ஊற்றச் சொல்வது யார்? இந்த வண்டி தன் உடம்புச் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், குளிர் என்றால் அதிகம் ஊற்றும் என்று விற்றவன் சொன்னது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. "இப்ப என்ன, நடு ஜனவரின்னு நெனச்சுக்கிட்டு ஊத்துதா?" என்று முணுமுணுத்தபடி, சூடு பார்க்கும் அந்தக் குட்டிச் சாமான் இருக்கும் இடத்தில் விரலை விட்டுத் துழாவினார். அதன் வயர் சொருகி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வயரில் சிவப்புத் துணியில் தைத்த முக்கோணத் தாயத்து. நான் கட்டியதுதான் மகனே. ஜெக்ஷென் போனதும் கட்டினேன். குதிரைக்குக் கழுத்தில் கட்டுவோம், இதற்குக் கழுத்து எது? ஹேண்டிலில் கட்டினால் அப்பா கேலி செய்வார் என்று, உள்ளே மெலிதாக ஓடிய அந்த வயரைக் கழுத்தாக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கியிருந்தேன். அப்பா சொருகியை அழுத்தி மாட்டினார், ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்தபடி ஸ்டார்ட்டரை அழுத்தினார், தேங்கிய பெட்ரோலைப் புகையாய்க் கக்கிவிட்டு வண்டி அணையாமல் ஓடியது. அவர் பறந்துவிட்டார்.

டாக்டர் வந்து உன் செங்குதிரையைக் காப்பாற்றிவிட்டார். குட்டி பிழைக்கவில்லை. தாயைப் போலவே செந்நிறம், நெற்றியில் வெள்ளை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் என்னை நானே கேலி செய்துகொண்டிருந்தேன். கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருக்கலாமே என்றார் டாக்டர். விஷயம் தெரிந்து ஓடி வந்த ஜெக்ஷென் குட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஒரு குரல் குடுத்திருந்தா நானே போயிருப்பேனே அண்ணி" என்றான். மறுநாள் ரொட்டியும் பாலேடும் எடுத்துக்கொண்டு போய், அவனைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் அவனிடமே சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பா, "பெட்ரோல் கெட்டதுன்னு எழுது, புள்ள உன்மேல வருத்தப்பட வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தார். நீ ஒவ்வொரு போனிலும் குட்டி போட்டாச்சா, குட்டி போட்டாச்சா என்று கேட்டவன், உன்னிடம் எப்படிப் பொய் சொல்ல.

உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், உன் ரொட்டி குறையாமல் இருக்கட்டும், நீ நூறு வயது இருக்க வேண்டும். குருத்தைக் காற்றுப்படும் இடத்தில் வை, ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். கோபம் வந்தால் போன் போட்டு என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
ஷாயிர்