நகரும் கட்டி

ஆகஸ்ட் 11, திங்கள்
பட்டாசு மருந்தால் கட்டி வருமா என்று சோதிக்கும் எங்கள் லேபில் இன்று எலிகளைத் தடவிப் பார்க்கும் நாள். 34ஆம் எண் பெண் எலிக்கு முன்னங்கால் அடியில் கட்டி. விரலுக்கு வழுக்கி நகர்ந்தது. நகர்ந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் பட்டாசு மருந்து கலந்த தீனியே அதற்குக் கொடுக்கவில்லையே! “வயசானா தானாவும் வரும், ஆர்த்தி” என்றார் டாக்டர் சங்கரபாண்டியன். அப்படியானால் மருந்து தின்ற எலிக்கு வந்தால் மட்டும் மருந்தால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? “அதுக்குத்தாம்மா இருநூறு எலி வளக்கோம். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறுந்தீனி; எதுல கூட வருதுன்னு எண்ணணும்.”

எனக்குக் குழப்பம்தான் மிச்சம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
அம்மாவுக்கு முதுகில் தைலம் தேய்த்தேன். அக்குள் பக்கம் கட்டி. கை அப்படியே நின்றுவிட்டது. உருட்டிப் பார்த்தேன் – நகர்ந்தது. “ஒண்ணுமில்லம்மா” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
அம்மா பட்டாசுக் கம்பெனி முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். தன்னோடு மருந்து அடைக்கும் சுப்புத்தாய் அத்தையை வீட்டுக்கே கூட்டிவந்து, “எம் மக தொட்டே சொல்லிருவா” என்கிறாள்.

“எனக்கு எலிதான் தெரியும், அத்தே.”

“மருந்துக்குள்ளயே கெடக்கோம், நாங்களும் எலிதான் தாயி. சும்மா பாரு.”

அத்தைக்கும் மார்பில் கட்டி. அதுவும் நகர்ந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்
34 செத்துப்போய், அதன் கட்டியைச் சீவி வைத்த ஸ்லைடு மைக்ரோஸ்கோப்புக்கு வந்திருக்கிறது. பக்கத்துச் சதைக்குள்ளும் புகுந்திருக்கிறது. புற்று.

நகர்ந்ததே! நான்தானே தொட்டேன்!

“கை தேடித்தான் குடுக்கும். பேரு வைக்கிறது ஸ்லைடுதான்” என்றார் டாக்டர். அம்மாவுக்கும் அத்தைக்கும் நகர்ந்ததை வைத்துத்தானே சொன்னேன்?

செப்டம்பர் 10
ஆஸ்பத்திரிக்கு வா என்று அம்மாவிடம் கெஞ்சினேன். “நீதானடி ஒண்ணுமில்லன்ன? தீவாளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு.” அத்தையும் அதையேதான் சொல்கிறாள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியவில்லையே, நான் என்ன செய்ய?

செப்டம்பர் 15, திங்கள்
காலையில் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கே போனேன். “நான் சொன்னது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அழுதும்விட்டேன். அம்மாவுக்கு மானம் போயிற்று. “வாடி சுப்பு, போயிப் பாத்துட்டு வந்து இவ வாய அடைப்போம்” என்று வேனை விட்டு இறங்கினாள்.

எப்படியோ வந்தாளே, போதும்.

அக்டோபர் 6, திங்கள்
முடிவு வந்துவிட்டது. அம்மாவுக்குச் சாதாரணக் கட்டி. அத்தைக்குப் புற்று, மதுரையில் ஆபரேஷன் செய்யவேண்டும். இருவருக்கும் கம்பெனியில் ஒரே அறை, ஒரே பட்டாசு மருந்து, பதினெட்டு வருஷம். இதில் எதை எதற்குக் காரணம் என்று சொல்வது?

“நீ சத்தம் போட்டதாலதான் வந்தேன் தாயி” என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி நான் வீணாக்கிய மூன்று வாரத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள்: “அவளுக்கும் நகரத்தானடி செஞ்சது?”

“ஆமாம்மா” என்றேன்.