அலெக்ஸாண்டர் பிரித்துத் தந்த ஹாட் டிஸ்க்

பிள்ளையார் துணை
டோகா, 12.08.2012

அன்புள்ள சுகந்தினிக்கு,

நான் இங்கே சுகம். இலுப்பைக்கடவையில் நீரும் மகள் அபிசாவும் சுகமாக இருக்க வேண்டும்.

உம்முடைய கடிதம் கிடைத்தது. நான் கொடுத்தனுப்பிய ஹாட் டிஸ்கை, உம்மோடு கந்தோரில் வேலை செய்யும் அலெக்ஸாண்டர் வீட்டுக்கே வந்து போர்மட் பண்ணி, கந்தோர் வேலைக்கு ஒன்று, வீட்டுப் படங்களுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துத் தந்ததை ஒரு பக்கம் எழுதியிருந்தீர். என் இருமலைப் பற்றி ஒரு வரி. பரவாயில்லை.

நேற்று இங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரிடம், இப்படிப் பிரிப்பது பெரிய வேலையா என்று கேட்டேன். "அது பெரிய வேலையே தம்பி? இருங்கோ, தேத்தண்ணி ஆறமுதல் செய்து காட்டுறன்" என்றார். செய்து முடித்தபோது தேநீர் சுடச்சுடத்தான் இருந்தது.

அலெக்ஸாண்டருக்குக் கோழிக்கறி வைத்துக் கொடுத்தீராம். அந்தக் கறித்தூளில் எனக்கும் கொஞ்சம், யாராவது வந்தால் கொடுத்துவிடும்.

போர்மட் பண்ணினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சுகந்தினி. அந்த ஹாட் டிஸ்க் வெறுமையாக வரவில்லை. கலியாண அல்பம் இடம்பெயர்வில் போனபிறகு வீட்டில் என் படம் ஒன்றுகூட இல்லையே என்று, நீர் வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உம்மோடு பேசுவதுபோல ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தேன். நீராகக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை.

வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. இன்னொன்று எடுத்து அனுப்புகிறேன். முதலில் நீர் திறந்து பாரும். அலெக்ஸாண்டர் பிறகு வரட்டும்.

உமது,
தனஞ்சயன்