உன்னோடு போன பொய்வண்டுகள்

என் ஆசை மச்சான் சவரிமுத்துவுக்கு,

இதை எழுதுவது நான்தான், இராமையா. வேறு யாரையும் உட்கார்த்தி எழுதச் சொல்லவில்லை. என் கையால், ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். சம்பளத்தன்று நான் பெருவிரலை மையில் உருட்டும்போதெல்லாம், "கையக் கழுவிட்டுச் சோறு தின்னு மச்சான், இல்லன்னா சோத்துலயும் கைநாட்டு விழுந்துரும்" என்று கேலி செய்தவன் நீ. இன்றைக்கும் என் விரலில் மைதான். ஆனால் இது பேனா கசிந்த மை. கழுவ மனம் வரவில்லை.

உங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் முதியோர் வகுப்பு நடக்கிறது. ரீட்டா டீச்சர் சொல்லிக் கொடுக்கிறார். வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்ல நீ இல்லாமல் போனதால் நானும் போய் உட்கார்ந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை நானே படித்து ஏறுகிறேன். பக்கத்தில் நிற்பவர் கேட்காமலே அவருக்கும் படித்துச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்கிறார் டீச்சர். அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் மற்றவர்களுக்காக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நம் லயத்து வீடுகளுக்குப் புதுத் தகரக் கூரை போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் பேச முடியவில்லை, அவ்வளவு சத்தம். ஆனால் ஒழுகுவதில்லை. நீ இருந்திருந்தால் அந்தச் சத்தத்தையும் ஏதாவது சொல்லியிருப்பாய்.

நான் சொல்ல வந்தது மரியாளைப் பற்றி. அவள் என் கூடப் பிறந்தவள் இல்லை. நீ அவளைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, பக்கத்து வீடான என் காம்பரா வாசலில் நின்ற என்னைப் பார்த்து "அண்ணே, கொஞ்சம் நெருப்புக் குடுங்க, அடுப்புப் பத்த வைக்கணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் அவளுக்கு அண்ணன் ஆனேன், உனக்கு மச்சான் ஆனேன். நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவன், நீங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள். அது ஒரு நாளும் குறுக்கே வந்ததில்லை.

நீ ஆற்றுக்காவல். ஹப்புத்தளைக்கு மேலே, நம் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான உச்சிக் கணக்கை ஒட்டி ஓடும் குளிர்ந்த ஆற்றில், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. அந்த ஆற்றுக்கு ஒரு சட்டம் உண்டு. வலை கூடாது, புழு கூடாது. பூச்சி மாதிரிக் கட்டிய பொய்த் தூண்டில்தான் போடலாம். தோட்டம் கம்பெனிக்குப் போய், துரைமார் தூண்டில் போட வருவது நின்ற பிறகும் நீ அந்தச் சட்டத்தை விடவில்லை.

சில்வண்டு கத்தத் தொடங்கினால் அந்த மீனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. மரத்திலிருந்து எப்போது வண்டு தவறி விழும் என்று நிழலுக்கடியில் காத்துக் கிடக்கும். அந்தக் காலத்துக்கென்று நீ ஒரு வண்டு கட்டுவாய். பொய்வண்டு என்று பெயரும் வைத்தாய். உருளைக்கிழங்குத் தோட்டத்து முள்கம்பியில் மரை மான் உரசிவிட்டுப் போன முடிதான் அதற்கு உடம்பு. உள்ளே காற்றுள்ள முடி, தண்ணீரில் அமிழாது. கோயில் மெழுகுதிரியில் தேய்த்த கறுப்பு நூலால் அதைக் கொக்கியில் இறுக்கி, மரியாளின் கத்தரிக்கோலால் செதுக்குவாய். மேலே வைக்கும் சிறகு, அந்தச் செட்டைதான் எதில் செய்தாலும் சரிவரவில்லை. கடைசியில், பதுளை ஆசுபத்திரியில் உன் நெஞ்சைப் படம் பிடித்துக் கொடுத்தார்களே, அந்த எக்ஸ்ரே படத்தில் கத்தரியை வைத்தாய். வண்டின் செட்டை மாதிரியே புகை நிறம், அதே விறைப்பு.

"பாவி மனுசா, டாக்டர் அடுத்த தரம் கேட்டா என்னத்தக் காட்டுவ?" என்று மரியாள் கத்தினாள்.

"மீன் வாயில இருக்குன்னு சொல்லுவேன்" என்றாய் நீ.

உன்னை அடக்கம் செய்த அன்று அடை மழை. பெட்டியை மூடப் போகும்போது மரியாள் உள்ளே ஓடிப்போய், பொய்வண்டுகளைப் போட்டு வைத்திருந்த உன் தகர டப்பாவை எடுத்து வந்தாள். செபமாலை சுற்றிய உன் கைக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். "அங்க ஒரு ஆறு இருந்தா இந்த மனுசன் சும்மாவா உக்காந்திருப்பாரு?" என்று சொல்லி அழுதாள். தூண்டில் கம்பையும் வைக்கப் பார்த்தாள். பெட்டிக்கு அது நீளம். நாங்கள் எல்லோரும் அழுதோம். நீ கட்டிய பொய்வண்டு ஒன்றுகூடப் பூமிக்கு மேலே மிச்சமில்லை என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிறகு தவக்காலம் வந்தது. மரியாளின் வழக்கம் உனக்குத் தெரியும். ஈஸ்டர் வரைக்கும் அந்த நாற்பது நாளும் மீன், கருவாடு, முட்டை எதையும் தொடமாட்டாள். ஈஸ்டர் பூசை முடிந்து நீ ஆற்றுக்குப் போய் ஒரு ட்ரவுட் கொண்டு வருவாய். அதைச் சமைத்துத் தின்றுதான் நோன்பை முடிப்பாள். இந்த வருடம் ஈஸ்டர் வந்தது, போனது. அவள் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியுமாகவே இருந்தாள். பல நாள் அதுவும் இல்லை. என் மருமகள் சந்தை மீனைக் குழம்பு வைத்துக் கொண்டு போனாள். மரியாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். பாதர் வீடு தேடி வந்து, "நோன்பு முடிஞ்சிருச்சு அம்மா, சாப்பிடுங்க" என்றார்.

"ஒங்க ஈஸ்டர் வந்துருச்சு பாதர். என் மீன் இன்னும் வரல" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு நாள் கோயில் படியில் மயங்கி விழுந்துவிட்டாள். பதுளைக்குக் கொண்டு போனோம். ஆசுபத்திரி நடையில் 'பெண்கள் வார்டு' என்ற பலகையை நானே படித்துக் கண்டுபிடித்தேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, மச்சான். அது தப்பா?

யாழ்ப்பாணத்து டாக்டர், சின்ன வயது, நல்ல பிள்ளை. "அம்மா, உங்களுக்கு உடம்பிலை ரத்தமே இல்லை. மீன், முட்டை எல்லாம் சாப்பிட வேணும். இப்படியே கிடந்தால் என்னாலை ஒண்டும் செய்யேலாது" என்றார்.

"மீன் வரட்டும் ஐயா, சாப்புடுறேன்."

"எங்கையிருந்து வரும்?"

மரியாள் ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி என்னைக் காட்டினாள். "அண்ணன் இருக்காருல்ல."

உன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். நீ வீசுவாய், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். "வண்டு பூ மாதிரி விழக் கூடாது மச்சான். குடிகாரன் விழுற மாதிரி பொத்துன்னு விழணும்" என்பாய். நான் சிரிப்பேன். அவ்வளவுதான் நான் மீன் பிடித்தது.

வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தேன். முள்கம்பி முள்கம்பியாய் அலைந்து மரை முடி பொறுக்கினேன். நூல் இறுகும்போது முடி விரிந்து நிற்க வேண்டும். எனக்கு அது கொக்கியைச் சுற்றி வழுக்கிக்கொண்டே போனது. இரண்டு விரலால் பிடித்தால் மூன்றாவது விரல் எங்கே போவதென்று தெரியவில்லை. பால்மாப் பையை வெட்டிச் செட்டை வைத்தேன். வீசினால் அது பம்பரமாய்ச் சுற்றி நூலையே முறுக்கியது. 'அ' எழுத ஒரு வாரம் பாடுபட்டேன், வந்தது. இது ஒரு மாதமாகியும் வரவில்லை. எழுத்து தப்பினால் அழித்து எழுதலாம். இதை எதைக் கொண்டு அழிப்பது?

ஆற்றுக்கு இப்போது சுனில் காவல். சிங்களவன், நல்ல மனிதன். என் நிலைமையைப் பார்த்து அவனுக்கே பொறுக்கவில்லை. ஆனாலும் புழு போடட்டுமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டான். "புழு எப்பா ராமையா, வேணாம். சவரி நமக்குச் சொன்னது. சவரி இல்லேன்னு நாம மாத்துறது எப்படி?" நீ காத்த சட்டம், மச்சான். நீ இல்லாமலும் நிற்கிறது. நான் என்ன செய்வேன்?

ஆசுபத்திரியிலிருந்து திரும்பியிருந்த மரியாள் ஒரு நாள் என் பொய்வண்டுகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, "இது வண்டா அண்ணே, துடைப்பமா?" என்றாள். பிறகு எழுந்து போய் உன் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள். ஓரமெல்லாம் நீ செட்டை வெட்டிய ஓட்டைகள். நடுவில் விலா எலும்பு வரிசையும் அந்த வெள்ளைத் திட்டும் அப்படியே இருந்தன.

கத்தரியை எடுத்தேன். வைத்துவிட்டேன். எங்கே வெட்டினாலும் அது உன் நெஞ்சு.

அவள் கத்தரியைப் பிடுங்கி, துணி வெட்டுகிற மாதிரி, ஒரே வெட்டில் இரண்டு செட்டையை வெட்டிக் கொடுத்தாள். முடியைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். நான் நூலைச் சுற்றினேன். அழகாக இல்லை. ஆனால் வண்டு என்று சொல்லலாம்.

மறுநாள் காலை தானும் வருவேன் என்று நின்றாள். என் கையைப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து, மலை ஏறி வந்தாள். ஆற்றோரக் காடு முழுக்கச் சில்வண்டுச் சத்தம். காதுக்குள்ளேயே கத்துவது போல் இருந்தது. நீ உட்காரும் பாறையில் அவளை உட்கார வைத்துவிட்டு, உன் கம்பை எடுத்தேன். வீசினேன். மரத்தில் மாட்டியது. ஏறி எடுத்தேன். மறுபடி வீசினேன். மறுபடி மரம்.

"அண்ணே, மீனு தண்ணிக்குள்ள இருக்கு. மரத்துல இல்ல."

"சும்மா இரு தங்கச்சி, எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியும். மீனுக்குத் தெரியணுமே."

வெயில் உச்சிக்கு வரும்போது ஒன்று சரியாக விழுந்தது. நீ சொன்ன மாதிரியே, பொத்தென்று, கிளை நிழலுக்கு அடியில். அசைக்காமல் விட்டேன். தண்ணீர் திறந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வாய் திறந்து வண்டை விழுங்கியது. கம்பு வளைந்து கை வரைக்கும் துடித்தது. நான் "மச்சான்!" என்று கத்தினேன். உன்னைத்தான் கூப்பிட்டேன். பையை வைத்துக்கொண்டு நீ பின்னால் நிற்கிறாய் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. மீன் ஒரு தரம் மேலே வந்தது. வெள்ளி உடம்பு, பக்கத்தில் சிவந்த கோடு. பிறகு நூல் லேசாகிவிட்டது.

நூல் அறுந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். அறவில்லை. கொக்கியில் நான் போட்ட முடிச்சு அவிழ்ந்திருந்தது.

எப்போது ஆற்றில் இறங்கினேன் என்று தெரியவில்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். குளிர் தெரியவில்லை. அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இருந்த ஒரு வண்டும் போய்விட்டது. இவளும் இப்படியே பட்டினி கிடந்து உன் பின்னால் வந்துவிடுவாள், நான் கம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன் என்று நினைத்தேன். கிழவன் அழுதால் ஆற்றுக்கு என்ன?

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பினால் சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரிக்கிறாள்.

"டாக்டர் கேட்டா இப்ப தைரியமாச் சொல்லலாம் அண்ணே" என்றாள். "மீன் வாயில இருக்குன்னு."

கரையேறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல்லெல்லாம் தந்தி அடித்தது. மருமகள் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பிரித்தேன். சோற்றின் மேல் நெத்தலிக் கருவாட்டுப் பொரியல். மரியாளின் முன்னால் இதைப் பிரித்துவிட்டேனே என்று மூடப் போனேன். அவள் கை நீண்டு வந்தது. ஒரு நெத்தலியை எடுத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். வாயில் போட்டு, மெதுவாக, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

"மீன்தானே" என்றாள்.

பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

இப்போது சாப்பிடுகிறாள். நிறைய இல்லை. சில நாள் மறுபடியும் தட்டைத் தள்ளுகிறாள். சில பின்னேரங்களில் வாசலில் ஆற்றுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது நான் என்ன சொல்ல வேண்டும், மச்சான்? எழுதப் படிக்கத் தெரிந்தும் அதற்கு ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் போய் நானும் நிற்கிறேன்.

மழையோடு சில்வண்டுச் சத்தம் அடங்கிவிட்டது. அந்த மீன் எங்கேயோ நீந்திக்கொண்டிருக்கிறது. உன் நெஞ்சில் ஒரு துண்டு அதன் வாயில். அங்கே டப்பாவைத் திறந்து பார்த்தாயா? மரியாள் வைத்தது உன் கைக்கு வந்ததா? ஆறு இருக்கிறதா?

படத்தில் இன்னும் இடம் மீதி இருக்கிறது. மறுபடி சில்வண்டு கத்தும்போது கத்தரியை நானே எடுப்பேன். உன் நெஞ்சென்றாலும் வெட்டுவேன். முடிச்சைச் சுனிலிடம் கேட்டுப் படிப்பேன். அடுத்த ஈஸ்டருக்கு மீன் வந்தால் மீன், வராவிட்டால் நெத்தலிப் பொட்டலத்தோடு உன் பாறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவளைப் பசியோடு உன்னிடம் அனுப்பமாட்டேன். இது சத்தியம்.

கீழே இருப்பது கையெழுத்து, கைநாட்டு இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்.

மரியாளின் அண்ணன்,
உன் மச்சான்,
இராமையா