இரண்டாம் தீர்மானம்

மன்னார்
3.2.1935

அன்புள்ள றஹீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று பகல் பதினொரு மணிக்கு, மன்னார்த் தீவு ஓட்டக் கழகம் இரண்டரை மணிநேரம் ஆலோசித்தபின், ஓட்டக்காரர் யாவரும் காற்சட்டை அணிவதென்று ஏகமனதாக முடிவெடுத்தது. முழங்காலுக்கு மேலா, கீழா என்பதில் கழகமே உடையப் பார்த்தது. தலைவர் கனகரத்தினம் மேல் என்றார். நான் நாலு விரல் கீழ் என்றேன். மார்க்கம் என் பக்கம், தலைவர் கதிரை அவர் பக்கம். கடைசியில் அவரவர் முழங்கால் அவரவர் பொறுப்பு என்று தீர்ந்தது.

இரண்டாம் தீர்மானம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மே ஆறாந் தேதி, மகாராசாவின் வெள்ளிவிழாவுக்கு, கப்பல் அடையும் தலைமன்னார்ப் பாலத்தடியிலிருந்து திருக்கேதீஸ்வரம் வரை இருபத்தாறு மைல் ஓட்டம். மார்ச் மாதப் பன்னிரண்டு மைல் ஓட்டத்தில் முதல் மூன்று பேர்தான் தீவிலிருந்து போகலாம். கள்ளம் செய்தவனை நீக்கினால் அவனுடைய இடம் நாலாம் ஆளுக்கு. சுகமில்லை என்று விலகி நிற்பவனின் இடம் வெறுமையாகவே கிடக்கும். போன முறை இரண்டு பேர் தங்கள் மச்சினன்மாருக்கு இடம் கொடுக்க வயிற்றுவலி என்று படுத்துவிட்டார்களாம். செயலாளர் நான்தான். என் கையாலேயே குறிப்பேட்டில் எழுதினேன்.

நம் பிள்ளை பிறக்கும்போது அதன் வாப்பா கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்து கோப்பு மட்டும் பார்த்தவரில்லை என்று சொல்லலாம் அல்லவா?

வஸீர்

சிலாவத்துறை
12.2.1935

மச்சானுக்கு சலாம்.

காற்சட்டைச் செய்தியை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எதையாவது உடுத்துக்கொண்டு ஓடட்டும்" என்கிறா. பிள்ளைக்கு இன்னும் ஆறேழு கிழமை இருக்குது என்று மருத்துவிச்சி சொல்லுறா. கால் வீங்கியிருக்குது. கடற்கரைக்குப் போகவே சைக்கிள் தேடுகிற நீங்கள் ஓடுகிறதை நினைத்தால் வலி கொஞ்சம் குறையுது. ஒவ்வொரு கிழமையும் எத்தனை மைல், மைலுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கோ. படுத்திருக்கிற எனக்கு வாசிக்க ஏதும் வேணும்.

றஹீமா

மன்னார்
10.3.1935

அன்புள்ள றஹீமாவுக்கு,

மூன்று மைல், ஐந்து மைல், எட்டு மைல் என்று கிழமைதோறும் எழுதி வந்தேன். நேற்றுப் பன்னிரண்டு மைல் ஓட்டம் நடந்தது. எனக்கு மூன்றாம் இடம். வழக்கம்போல மைல்கட்டை தோறும் மணி பார்த்தேன். மைலுக்குப் பதினொரு நிமிடம். பனை அடர்ந்த தோட்டவெளிக் கூடலுக்குள், எட்டாம் மைலும் ஒன்பதாம் மைலும் ஏழேழு நிமிடம். பிறகு மறுபடி பதினொன்று.

நாலாம் ஆளாக, எனக்கு மூன்று நிமிடம் பிந்தி வந்தவன் ஓலைத்தொடுவாய் பெனடிக்ற். அவனுடைய வள்ளம் மார்கழிக் காற்றில் உடைந்துபோனது. வீட்டில் நாலு பிள்ளைகள். பெரிய ஓட்டத்தில் வெல்பவருக்குப் பாலத்தடிக் காவல்காரன் வேலை என்பதால்தான் ஓட வந்தான். பன்னிரண்டு மைலுக்குப் பிறகுதான் அவனுக்கு உடம்பு சூடாகுமாம். இருபத்தாறில் அவனை வெல்ல ஆளில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறார்கள். நாலாம் ஆளானதால் அது நடக்காமல் போனது.

வஸீர்

சிலாவத்துறை
16.3.1935

மச்சானுக்கு சலாம்.

உங்கள் கடிதங்களை எல்லாம் பாயில் பரப்பி வைத்துப் பார்த்தேன். இரண்டாம் கிழமையிலிருந்தே, தோட்டவெளிப் பனங்கூடல் வந்தால் உங்களுக்குக் கால் முளைக்குது. கூடல் முடிந்ததும் பழைய ஆளாகிவிடுகிறீர்கள். அந்த இரண்டு மைலில் மட்டும் எட்டு நிமிடம் மிச்சம். பெனடிக்ற் பிந்தினது மூன்று நிமிடம்.

பனங்கூடலில் உங்களுக்கு எத்தனை கால் என்று எழுதுங்கோ.

றஹீமா

மன்னார்
21.3.1935

றஹீமாவுக்கு,

நாலு.

இரண்டாம் கிழமை பாதம் கொப்பளித்துவிட்டது. கூடலுக்குள் ஆதம்பாவாவின் கழுதை ஒன்று சும்மா நின்றது. பயிற்சிதானே, பனைகளுக்குள்ளால் போனால் பாதையில் வருபவருக்கும் தெரியாது என்று ஏறினேன். அடுத்த கிழமையும் ஏறினேன். நாலாம் கிழமை அதுவே பாதையோரம் வந்து காத்து நின்றது. போட்டியன்று ஏறக்கூடாது என்றுதான் போனேன். என்னைக் கண்டதும் படுத்திருந்தது எழுந்து நின்றது. கந்தோரில் பதினாலு வருடம் வேலை செய்கிறேன். எனக்காக ஒருவரும் எழுந்து நின்றதில்லை.

மூன்றாம் இடத்துக்குத் தந்த பதக்கத்தை அலுமாரியில் உன் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அலுமாரியைத் திறக்கிறதில்லை. ஒரே சட்டையைத் தோய்த்துத் தோய்த்துப் போடுகிறேன். போட்டி முடிந்ததும் பெனடிக்ற் வந்து கை தந்தான். "ஐயா கடைசியில நல்லாப் பிடிச்சிட்டியள். மூச்சுக்கூட வாங்கேல்லை" என்றான். அன்றிலிருந்து சந்தைப் பக்கம் போவதில்லை.

நான் என்ன செய்ய?

வஸீர்

சிலாவத்துறை
2.4.1935

மச்சானுக்கு சலாம்.

சனிக்கிழமை ஆண் பிள்ளை பிறந்தான். இரண்டு பேரும் சுகம். உங்கள் மூக்கு. மிச்சம் எப்படியோ தெரியாது.

செய்ய இருக்கிறது ஒரு வேலைதான். கழகத்துக்குப் போய்க் "கழுதையில் வந்தனான்" என்று சொல்லுங்கோ. கனகரத்தினம் சிரிப்பார். சிரிக்கட்டும். எத்தனை நாள் சிரிப்பார்? சொல்லிவிட்டு, ஏழாம் நாள் பேர் வைக்க வாங்கோ. நாற்பது நாள் முடிய வண்டி அனுப்பினால் பிள்ளையோடு வாறன்.

றஹீமா

மன்னார்
14.4.1935

அன்புள்ள றஹீமாவுக்கு,

பேர் வைக்க வரமுடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள்.

கழகத்துக்குப் போனேன். வாயைத் திறக்குமுன் கனகரத்தினம் தன் பேரனைக் கூப்பிட்டு, "வஸீர் மாமாவைப் பார், நாற்பது வயதில் ஓடுறார்" என்றார். பிள்ளைக்கு முன்னால் அந்தச் சொல் வரவில்லை. கால் சுளுக்கிவிட்டது, ஓட மாட்டேன் என்றேன். இடம் கொடுத்துவிட்டேன். பெனடிக்றுக்கு வேண்டியது இடம்தானே? காலில் துணி சுற்றியிருப்பதால் பயணம் செய்ய முடியவில்லை. ஊர் பார்க்கும்.

மகனுக்கு என்ன பேர் வைத்தீர்கள்?

வஸீர்

மன்னார்
8.5.1935

அன்புள்ள றஹீமாவுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நாளைக்கு நாற்பது முடிகிறது. வண்டியில் வைக்கோலுக்கு மேல் மெத்தை போட்டிருக்கிறேன்.

ஓட்டம் நடந்தது. தீவிலிருந்து இரண்டு பேர்தான் ஓடினார்கள். மூன்றாம் இடம் வெறுமை என்று கனகரத்தினம் குறிப்பேட்டைத் திறந்து என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார். சத்தியமாக மறந்துபோனேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வென்றவர் வவுனியாப் பக்கத்துப் பொலிஸ்காரர். அவருக்கு வேலை இருப்பதால் அவருடைய தம்பியைக் காவல்காரனாகப் போட்டார்கள். பெனடிக்ற் பேசாலையில் வழியோரம் நின்று ஓடினவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தானாம். நேற்றுக் கப்பலில் வேலை தேடித் தனுஷ்கோடிக்குப் போய்விட்டான். பெண்சாதி பிள்ளைகள் இங்கேதான். போகுமுன் வீட்டுக்கு வந்து, என் காலுக்கு என்று ஒரு போத்தல் எண்ணெய் தந்தான். வாங்கிக்கொண்டேன்.

மகனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

வஸீர்

சிலாவத்துறை
10.5.1935

மச்சானுக்கு சலாம்.

பெப்ரவரி மூன்றாந் தேதி நீங்கள் எழுதின கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் தீர்மானம் அதில் இருக்குது. எனக்கு மறக்கேல்லை.

மகனின் பேர் முஹைதீன்.

வண்டிக்காரருக்குச் சோறு கொடுத்தாச்சு. மாட்டுக்குத் தண்ணீரும் காட்டியாச்சு. வண்டி வெறுமையாக வருது.

றஹீமா