மணிக்கூண்டை நிமிர்த்தப் போன உன் அப்பா

அன்பு மகள் வாலுக்குட்டிக்கு,

உன் சித்தப்பா, இந்த நகரத்தின் ஈடு இணையற்ற புகைப்படக் கலைஞன், பாஸ்போர்ட் அளவுப் படங்களின் பேரரசன், தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உன் அப்பாவும் சுகம், மூக்குகள் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் அம்மாவான என் அண்ணியும், பிறந்து ஆறு மாதமாகியும் எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாத அந்தச் சின்ன மகாராணியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ரகசியம் பேசினால் நாலு தெரு தள்ளி இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். உன் அப்பாவோ பக்கத்து அறையில், காதை அப்படியே கதவோரம் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்கக் கூடாத சமாசாரம் இது, அதனால்தான் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷத்துக் குளிர் மனுஷக் குளிர் இல்லை. போன வாரம் கடை வாசலில் ஒரு தும்மல் போட்டேன், இடது பக்க மீசை அப்படியே ஒடிந்து தரையில் விழுந்தது, உன் சித்தி ஏதோ கண்ணாடித் துண்டு என்று நினைத்து முறத்தில் அள்ளிக் கொட்டிவிட்டாள். பால்காரர் வாயைத் திறந்து சொன்ன காலை வணக்கம் காற்றிலேயே உறைந்து நின்று, மத்தியானம் வெயில் வந்த பிறகுதான் எங்கள் காதில் விழுந்தது. இப்படிப்பட்ட குளிரில்தான் நகர நூலகத்துக்காரர்கள் 'பனிக்காலத்தில் பழைய நகரம்' என்று ஒரு படக் கண்காட்சி அறிவித்தார்கள். நாற்பது வருஷமாக இந்த ஊரில் பிறந்தவர்களையெல்லாம் ஸ்டூலில் உட்காரவைத்து, தோளை இறக்குங்க, சிரிக்காதீங்க, காது தெரியணும் என்று அதட்டிப் படம் எடுத்தவன் நான். கோட்டை வாசல் மணிக்கூண்டை எடுப்பதா எனக்குப் பெரிய விஷயம்? மணிக்கூண்டு சிரிக்காது, கண்ணைச் சிமிட்டாது, மறுநாள் வந்து இது என்னை மாதிரியே இல்லையே என்று சண்டை போடாது. அன்றே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் உன் அப்பா. போன பனிக்காலத்தில் கோட்டை வாசலிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற கல் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை ஒடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். அண்ணி உன் பிரசவத்துக்கு முன்னால் அங்கே வருவது, கட்டுப் பிரித்து நடை பழகியதும் இவர் பின்னாலேயே வருவது என்றுதான் ஏற்பாடு. கோடையில் நன்றாகத்தான் நடந்தார், மார்க்கெட்டுக்கெல்லாம் போய் வந்தார், டிக்கெட்டுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பனி விழுந்த அன்று வாசல் வரை வந்தவர் தெருவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், திரும்பி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு சரி. எலும்பு டாக்டர் வீட்டுக்கே வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "கால் என் காலைவிட நல்லா இருக்கு. எலும்பு கூடிடுச்சு, தைரியம்தான் இன்னும் கூடலை, அதுக்கு என்கிட்ட மாவுக்கட்டு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினார், என்னால் பயணம் முடியாது, என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று. நீ பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதினாய், 'சரி' என்று. உன் கோபம் நியாயம், நான் அதற்குள் வரவில்லை. ஆனால் அந்தத் தாள் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் எட்டாக மடிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தடவை கண்ணாடியை எடுக்கும்போதும் அது கூடவே வெளியே வருகிறது, மறுபடி மடித்து உள்ளே வைக்கிறார். இதை நான் சொன்னதாக வைத்துக்கொள்ளாதே.

சரி, என் வீரகாவியத்துக்கு வருகிறேன். முதல் நாள் விடிந்ததும் போனேன். ஆற்றிலிருந்து மூடுபனி புகை மாதிரி ஏறி வருகிறது, கோட்டைச் சுவர் முழுக்க உறைபனி, கல்லுக்கு நரை விழுந்த மாதிரி. உச்சிக் கடிகாரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் வெயில். விரல் உணர்விழந்து போனதால் ஒரு கட்டத்தில் மூக்கால் பட்டனை அமுக்கினேன் என்றால் நம்புவாயா, நம்ப வேண்டாம். படத்தைப் பெரிதாகப் போட்டு உன் அப்பாவின் மடியில் வைத்தேன். சர்வே ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் ஊரையே கோடு போட்டு அளந்தவர் இல்லையா, அரை நிமிஷம் பார்த்தார். பிறகு மூன்று மாதமாக உம், ஊஹூம் தவிர எதுவும் வராத அந்த வாயிலிருந்து இடி இறங்கியது. "டேய், மணிக்கூண்டு சாயுதுடா! கேமராவைப் பிடிச்சியா, இல்ல அது உன்னைப் பிடிச்சுதா? இப்படி ஒரு கோணலை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை!" என்று கத்தினார். அடுப்படியிலிருந்து உன் சித்தி கரண்டியோடு ஓடி வந்தாள், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று. வந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சிவந்து, முதுகு நிமிர்ந்து, பழைய அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் படம் கோணலாக வந்தது என் திறமை. அடுத்த எட்டும் கோணலாக வந்தது எங்கள் சதி. தினமும் காலையில் போய், கேமரா ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் கல்லை வைத்து, விதவிதமான கோணத்தில் எடுத்தேன். ஒன்றில் மணிக்கூண்டு தண்ணி போட்டவன் மாதிரி நின்றது, ஒன்றில் பக்கத்துக் கட்டடத்தின் காதில் ஏதோ கோள் சொல்வது மாதிரி. உன் சித்தியே, "போதுங்க, பார்த்தா எனக்கே தலை சுத்துது" என்றாள். உன் அப்பா கட்டம் போட்ட தாளில் எனக்குப் படம் வரைந்து கொடுத்தார், ஸ்டாண்டை எங்கே வைப்பது, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் முகம் என்று. பெட்டியைத் திறந்து, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் நூலில் தொங்குகிற தூக்குக்குண்டையும் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். நான் மறுநாளும் கோணலாகவே எடுத்து வந்து, ரசமட்டத்தில் இருந்த குமிழி குளிரில் செத்துவிட்டது அண்ணே என்றேன். "குமிழி சாகாதுடா மடையா! உன்னை நம்பி ஒரு ஸ்டூலைக்கூட நேரா வைக்க முடியாது. நாளைக்கு நானே வர்றேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்குகிற பழக்கம் நம் வம்சத்தில் யாருக்கு இருக்கிறது, உனக்கு இருக்கிறதா?

மறுநாள் கிளம்பிய கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று கோட்டு, இரண்டு காலுறை, உன் சித்தியின் சிவப்புக் கழுத்துத் துணி, ஒரு கையில் கம்பு, மறு கை என் முழங்கையில். என் முழங்கை இன்னும் அவர் பிடித்த வடிவத்தில்தான் இருக்கிறது, சட்டை நுழையமாட்டேன் என்கிறது. வீட்டிலிருந்து கோட்டை வாசல் இரண்டே தெரு. போய்ச் சேருவதற்குள் வழியில் ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் சேர்ந்து, எங்களைத் தாண்டி வேலைக்குப் போய்விட்டது. வாசல் முற்றத்தைப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு, "என்ன பெரியவரே, கல்யாண ஊர்வலமா? பொண்ணு எங்க, கண்ணுலயே படலையே?" என்றார். அப்புறம் உன் அப்பாவை அடையாளம் தெரிந்தது. போன வருஷம் இவர் விழுந்தபோது ஓடிப்போய்த் தூக்கியதே அந்த அம்மாதான். கிண்டலை விட்டுவிட்டு, "மணல் போட்டிருக்கேன், பயப்படாம மிதிங்க" என்றார் மெதுவாக. உன் அப்பா படிப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

ஆனால் ஸ்டாண்டைத் தொட்டதும் ஆளே மாறிவிட்டார். முட்டி போட்டார், ரசமட்டத்தை வைத்தார், ஸ்டாண்டின் காலைத் திருகினார், மூச்சைப் பிடித்தார். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. "இப்ப எடு" என்றார், ஏதோ உலகத்தை ஆரம்பித்து வைக்கிற மாதிரி. எடுத்தேன். திரையைப் பார்த்தோம். மணிக்கூண்டு சாய்ந்திருந்தது. என்னைத் திட்டினார், கேமராவைத் திட்டினார், கேமரா செய்தவனின் ஏழு தலைமுறையைத் திட்டினார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தேன், மறுபடி சாய்ந்தது. அப்புறம் தூக்குக்குண்டை விரலில் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலையும் மணிக்கூண்டின் ஓரத்தையும் சேர்த்துப் பார்த்தார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் பொய் இல்லாத இடம் இதுதான், அந்த மணிக்கூண்டு நிஜமாகவே சாய்ந்துதான் நிற்கிறது. நாம் எல்லாரும் பிறந்ததிலிருந்து அதற்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை. உன் அப்பா குல்லாவைக் கழற்றினார். "உச்சியில ஒரு முழம் இருக்கும்டா" என்றார், கிசுகிசு என்று, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். "ஒரு பக்கம் பார்த்தாப் போதாது, ஆத்துப் பக்கத்துல இருந்தும் பார்க்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். கம்பு ஸ்டாண்டில் சாய்ந்து கிடக்கிறது. கையில் தூக்குக்குண்டு, கண் இரண்டும் மேலே மணிக்கூண்டில், கால் அது பாட்டுக்குப் போகிறது. போய், அந்தப் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார். அதே படி. பெருக்குகிற அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்பியிருந்தேன். கீழே மூடுபனி, இரண்டு பக்கமும் நரைத்த சுவர், நடுப்படியில் சிவப்புக் கழுத்துத் துணியோடு அண்ணாந்தபடி இறங்குகிற மனுஷர், அவர் தோளில் அன்றைக்கு வந்த முதல் வெயில். நாற்பது வருஷத்தில் என் கேமராக் கண்ணாடிக்குள் இப்படி ஒரு படம் வந்து நின்றதில்லை. விரல் பட்டன் மேல் இருந்தது. என் கேமரா சத்தம் உனக்குத் தெரியும், அலமாரியை அறைந்து சாத்துவது மாதிரி. கேட்டால் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். நான் அமுக்கவில்லை, மகளே. விரலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டு படி. கீழே போய்ச் சேர்ந்து, நூலைத் தொங்கவிட்டுப் பார்த்து, "டேய், இந்தப் பக்கம் ஒரு சாண்தான்டா!" என்று கத்தினார். ஆற்றில் இருந்த வாத்தெல்லாம் எழுந்து பறந்தன. அப்புறம்தான் குனிந்து தன் காலைப் பார்த்தார், படியைப் பார்த்தார், மேலே நிற்கிற என்னைப் பார்த்தார். நான் லென்ஸைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன், பிறந்ததிலிருந்து வேறு எதையுமே துடைத்ததில்லை என்பது போல. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி வந்தார், நேரம் பிடித்தது. வந்து கம்பை எடுத்துக்கொண்டார். வீட்டு வாசலில் காலைத் துடைத்துக்கொண்டே, "கீழ அவ்வளவா ஈரமில்ல" என்றார். நான் ஒரு கேலியும் சேர்க்காமல் 'ஆமாம் அண்ணே' என்றதைக் கேட்ட உன் சித்தி எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நேராக எடுத்த படத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி பார்த்துவிட்டு, "படம் பிரமாதம் சார், கொஞ்சம் கோணலா இருக்கு, நிமிர்த்திக் குடுத்துடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தப்பு. மறுநாள் எனக்கு முன்னால் உன் அப்பா எழுந்து, கட்டம் போட்ட தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தனியாக நூலகத்துக்குப் போய் அந்த மனுஷனுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறார். அவர் இப்போது எங்களைக் கண்டாலே புத்தக அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறார். படத்தை அப்படியே மாட்டச் சம்மதித்துவிட்டார், வேறு வழி? ஆறு நாளாக உன் அப்பா தினமும் வெளியே போகிறார். படிப் பக்கம் மட்டும் மறுபடி போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று சாப்பிடும்போது, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அவ ஊர்ல இப்ப பனி எப்படியாம்?" என்றார். உன் சித்தி எனக்கு மேஜைக்கு அடியில் ஒரு உதை விட்டாள். அந்தக் கால் இன்னும் வீங்கியிருக்கிறது, எலும்பு டாக்டரை எனக்காகக் கூப்பிட வேண்டியிருக்கும்.

ஆகவே சித்தப்பா சொல்வதைக் கேள். இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே போன் பண்ணு. அந்த 'சரி'யை நீ எழுதவே இல்லை என்பது போலப் பேசு. படியைப் பற்றி மூச்சு விடாதே, அண்ணியிடமும் சொல்லாதே, அண்ணி ரகசியத்தைக் காப்பாற்றுகிற அழகு எனக்குத் தெரியும். உன் அப்பாவே வாய்விட்டுச் சொல்கிற நாளில் ஆச்சரியப்படுவதற்கு இப்போதிருந்தே கண்ணாடி முன்னால் பழகு. நீ அழுதுவிடுவாய், அழாதே, குழந்தையைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள், உனக்கும் சேர்த்து அவள் சத்தம் போடட்டும். ராத்திரி காலுறை போட்டுக்கொண்டு தூங்கு, மாப்பிள்ளையைத் தினமும் கொஞ்சம் திட்டு, உடம்புக்கு நல்லது. உன் சித்தியின் ஆசீர்வாதம் ஒரு வண்டி, என்னுடையது ஒரு கப்பல், எல்லாம் இந்த உறைக்குள்தான் மடித்து வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி.

முக்கியமானது ஒன்று. வர முடியுமாப்பா என்று மட்டும் கேட்காதே. அப்படிக் கேட்டால் குனிந்து காலைப் பார்ப்பார். எப்பப்பா வர்றீங்க என்று கேள். காலண்டரைப் பார்ப்பார்.

இப்படிக்கு,
ஒற்றை மீசையும் வீங்கிய காலும் உடைய,
உன் அன்புச் சித்தப்பா