இடது வட்டம்

தாராவி,
6.1.2025

என் ஜெனிக்கு,

டென்சில் எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடு. போனை நீ பிளாக் பண்ணிவிட்டாய், தபாலை யாரும் பிளாக் பண்ண முடியாதே. கல்யாணில் உன் அக்கா கிளாரா வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உன் மீன் குழம்பு இல்லாமல் என் நாக்கு செத்துப்போய்விட்டது.

விஷயம் கஸ்தூரியைப் பற்றி. கிளப்பில் நீ பழக்கிய குதிரைகளில் இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. நீ போனதிலிருந்து வட்டம் சுற்ற மாட்டேன் என்கிறாள். வலப்பக்கம் பரவாயில்லை. இடப்பக்கம் திருப்பினால் தோளை வெளியே தள்ளிக்கொண்டு நண்டு மாதிரிப் போகிறாள். நேற்று நான் கடிவாளத்தை இழுத்த இழுப்பில் அவள் வாயில் ரத்தம் வந்தது, அப்போதும் திரும்பவில்லை. சாட்டையால் நாலு போட்டேன். வேலிக் கம்போடு வைத்து என் முழங்காலை நசுக்கினாள். அதற்கும் சேர்த்துப் போட்டேன்.

பிப்ரவரி 16 நம் கிளப்பில் டிரெசாஜ் போட்டி. வட்டமும் நடையும் பார்த்துத்தான் மார்க். "ஜெனி ஏறினா இந்தக் குதிரை தண்ணி மாதிரி போகும், உனக்கு என்ன கேடு?" என்று முதலாளியம்மா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். இந்தத் தடவை சொதப்பினால் கஸ்தூரியையும் விற்றுவிடுவாராம், என்னையும் அனுப்பிவிடுவாராம்.

நீ வந்து ஏறு. நவம்பரில் நடந்தது நடந்துவிட்டது. கோபத்தில் கை ஓங்காத புருஷன் எவன்? வீட்டுக்கு வா.

உன் டென்சில்


கல்யாண்,
11.1.2025

அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னாள் கிளாரா. கஸ்தூரி பெயர் கண்ணில் பட்டதால் பிழைத்தது.

என்னால் ஏற முடியாது. நீங்கள் கதவில் வைத்து நசுக்கிய மணிக்கட்டில் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. நடந்தது நடந்துவிட்டது என்று எழுத உங்களுக்குச் சுலபம்.

அவள் பிடிவாதக்காரி இல்லை. நாலு வருஷம் ரேஸ் ஓடியவள். இங்கே ரேஸ் எல்லாம் வலப்பக்கமாகத்தான் சுற்றும். இடப்பக்கம் வளைய அந்த உடம்புக்கு அங்கே யாருமே கற்றுத் தரவில்லை, நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினேன். நீங்களோ உள்பக்கக் கடிவாள வாரை இழுக்கிறீர்கள். கழுத்துதான் உள்ளே வரும், தோள் வெளியே ஓடிவிடும். இழுக்க இழுக்க இன்னும் ஓடும். உள் கையைத் தளர்த்துங்கள். வெளிப்பக்க வாரை வலது கையில் ஒரே சீராகப் பிடித்துத் தோளை நிறுத்துங்கள். உள் காலால் விலாவை மெல்லத் தொட்டால் போதும். பின்னங்கால் முன்னங்காலின் தடத்திலேயே விழ வேண்டும். அப்படி விழுந்தால் வட்டத்திலும் அவள் நேராக இருக்கிறாள், தடுமாற மாட்டாள். பத்து நிமிஷம் நடை, பிறகு நிறுத்திக் கழுத்தைத் தடவிக் கொடுங்கள். சாட்டையை லாயத்து சாய்நாத்திடம் கொடுத்துவிடுங்கள்.

போட்டி அன்றைக்கு வருகிறேன். அடிக்காமல் அவளை இடது வட்டம் சுற்ற வைத்திருக்கிறீர்கள் என்று நான் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் அன்று சாயங்காலமே தாராவிக்கு வந்துவிடுவேன். கிளாரா திட்டுவாள், திட்டட்டும். இத்தனைக்குப் பிறகும் உங்கள் மேல் ஆசை போகவில்லை. எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

ஜெனி


தாராவி,
2.2.2025

என் ராசாத்தி ஜெனிக்கு,

நீ எழுதியபடியே செய்தேன். சாட்டையை அன்றைக்கே சாய்நாத்திடம் கொடுத்தாயிற்று, வேண்டுமானால் அவனையே கேள். கஸ்தூரி இப்போது இடப்பக்கம் காம்பஸ் வைத்து வரைந்தது போலச் சுற்றுகிறாள். தோள் ஒரு விரல்கூட வெளியே போவதில்லை. நீ இருந்திருந்தால் வாயைப் பிளந்திருப்பாய்.

வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று கிளாராவிடமும் சொல், அவளுக்குத்தான் வயிறு எரியும்.

உன் டென்சில்


கல்யாண்,
18.2.2025

டென்சிலுக்கு,

இதை உன் அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து தருவார். தொடையில் தகடு வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான் துணிமணியெல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்தேன், அது உனக்குத் தெரியட்டும். கஸ்தூரி இடது வட்டத்தை முடித்தபோது அழுதுவிட்டேன். அத்தனை நேராக இருந்தாள்.

உன்னிடம் வருவதற்கு முன் அவளைத் தடவிக் கொடுக்க லாயத்துக்குப் போனேன். கையைத் தூக்கியதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். சாய்நாத் அவள் வாலை ஒதுக்கிக் காட்டினான். பின்தொடைகளின் உள்பக்கம், ஜட்ஜ் கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம், தோல் உரிந்து சதை தெரிந்தது.

"சாட்டைய என்கிட்ட குடுத்துட்டாரு அண்ணி. தண்ணி விடற ரப்பர் பைப்ப எடுத்துக்கிட்டாரு. தோள் வெளிய போறப்பல்லாம் எறங்கி, காலக் கட்டி அடிச்சாரு" என்றான்.

அப்போதுதான் நீ சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாய். "பாத்தியாட்டி, சாட்டையில்லாம முடிச்சிட்டம்லா!" என்றாய். என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. சாய்நாத்தை அறைந்தாய், அவன் வாயெல்லாம் ரத்தம். சுவரில் தொங்கிய பைப்பை உருவிக்கொண்டு என் பக்கம் திரும்பினாய். பைப்பைக் கண்டதும் கஸ்தூரி உதைத்தாள். உன் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த உன்னை அவள் மிதித்தாள். நானும் சாய்நாத்துமாக உன்னை வெளியே இழுத்துப் போட்டோம். நான் கொஞ்சம் தாமதித்துத்தான் கை கொடுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நேற்றுக் காலை குதிரைக்காகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சாய்நாத்தும் கூட வந்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பெண் போலீஸ், இவ்வளவுதானா என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆறு வருஷம் சொல்லி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன்னை விசாரிக்க வார்டுக்கே வருவார்கள். கூட இருக்க உன் அண்ணனைக் கூப்பிட்டுக்கொள்.

ஜெனி